எடுத்துக்காட்டுக்கு ஓர் அத்துமீறல்

மனித குலத்துக்கு இதுவரை வந்த கேடுகள் அத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: எவனோ ஒருவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டான். போர், கொள்ளை, குடும்பச் சண்டை, ஆறிப்போன தேநீர் என்று எதைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் தட்டப்படாத ஒரு கதவு கிடக்கும். இது அகராதியின் கண்டுபிடிப்பு. இதைச் சொல்லும்போது அவன் சிரிக்க மாட்டான். கேட்பவரையும் சிரிக்க விட மாட்டான்.

அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதிப் புத்தகமாக்கினார்கள். அங்கே எல்லாருக்கும் அகராதிதான் வேலை. ஆனாலும் அகராதி என்ற பெயர் இவன் ஒருவனுக்குத்தான் வாய்த்தது; அதற்கும் வேலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேஷியர் அண்ணன் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரியான அகராதி பிடிச்ச ஆளா இருக்கானே" என்றார். வாக்கியத்தின் மீதி உதிர்ந்துபோய் அந்த ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தன் கண்டுபிடிப்புக்குச் சான்றாக அவன் ஆங்கிலத்தைத்தான் காட்டுவான். எதிரில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் அச்சுப்பிழை திருத்தும் புரூஃப் அக்கா.

"கேக்காம உள்ள போறதுக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட எத்தனை சொல் இருக்கு பாருங்கக்கா. படையோட போனா இன்வேட். திபுதிபுன்னு போய் அள்ளிக்கிட்டு வந்தா ரெய்டு. வேலியைத் தாண்டினா டிரெஸ்பாஸ். இன்னைக்கு ஒரு விரல், நாளைக்கு ஒரு விரல்னு நகர்ந்து போனா என்க்ரோச். ஒருத்தன் வீட்டுல கரண்டி மட்டும் இருபது விதமா இருந்தா என்ன அர்த்தம்? நல்லா மொக்கியிருக்கான்னு அர்த்தம்."

"நம்மகிட்ட என்னப்பா இருக்கு?"

"'வாங்க'ன்னு ஒரு சொல் இருக்கு. அது காதுல விழற வரைக்கும் வாசல்ல நிக்கணும். நான் நிப்பேன்."

அதில் பொய் இல்லை. சொந்த வீட்டுக்கே அவன் மணி அடித்துவிட்டு, மனைவி "வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைப்பான். ஒருமுறை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படியில் உட்கார்ந்து முழு வார இதழையும் படித்து முடித்தான். வந்து பார்த்த அவள், "கட்டின வீட்டுக்கு விருந்தாளியா வந்து நிக்கிற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். அதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அலுவலகத்தில் இந்தக் கொள்கைக்கு ஒரே ஓர் இடத்தில் அவமரியாதை நடந்துகொண்டிருந்தது. ஆசிரியரின் அறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அவருடைய குறட்டை கூடத்தின் கடைசி மேசை வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டி அவரை எழுப்பினால், எழுப்பியவரின் பக்கங்களை அவர் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் முடித்த பக்கங்களை வைப்பதற்கான பச்சைத் தட்டு அவருடைய மேசையின்மேல்தான் இருந்தது. அதனால் மற்ற எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலில் நடந்து போய்த் தட்டில் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வருவார்கள்.

"பெருச்சாளிங்க" என்பான் அகராதி. "பெருவிரல்ல போனாலும் பீரங்கியோட போனாலும் தட்டாம போனது போனதுதான். திருட்டுப் பூனைக்காவது மீசை இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்ல." கேஷியர் அண்ணன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அகராதி தன் பக்கங்களைக் காலையிலேயே முடித்து, தட்டி, "வா" என்ற சத்தம் கேட்டு, நிமிர்ந்து உள்ளே போய் வைத்துவிட்டு வருவான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த முறை அத்துமீறல் சொற்கள் முழுவதையும் ஆசிரியர் ஒதுக்கியிருந்தார். தாக்குதல், நுழைதல், பாய்தல், புகுதல் எல்லாம் அவன் தலையில். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அச்சகத்துக்காரர் வந்து பச்சைத் தட்டில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். தட்டில் யாருடைய பகுதி முழுமையாக இருக்கிறதோ அவர் பெயர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் துணையாசிரியர் என்று வரும். இல்லாதவர் பெயர் வராது.

அகராதிக்கு அந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும். காரணம், மாமனார். போன பதிப்பு வந்தபோது ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதுலதான் மாமா நான் வேலை பாக்கறேன்" என்றிருந்தான். அந்த மனிதர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு, "கதை ஒண்ணும் பிடிபடல மாப்ளே. உங்க பேரையும் காணோம்" என்றார். அதிலிருந்து மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வேற எங்கயாவது வேலை தேடறீங்களா?" என்று பரிவோடு விசாரிக்கத் தொடங்கினார். இந்த முறையும் பெயர் வராவிட்டால் அவரே ஒரு வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த இடம் ஒரு கோழிப்பண்ணை.

பொருள் எழுதுவதில் அகராதிக்குச் சிக்கல் எதுவும் இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் வந்தது வினை. அந்த அலுவலகத்தின் வழக்கம் அப்படி: எடுத்துக்காட்டு உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும், எழுதுகிறவரும் அந்த நிகழ்ச்சியில் இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தின்மேலும் விரலை வைத்து, "நடந்ததா?" என்று கேட்பார். கற்பனை என்று தெரிந்தால் பகுதி மொத்தமும் குப்பைக்கூடைக்குப் போகும். போன பதிப்பில் 'ஸ்லிப்' என்ற சொல்லை எழுதியவர் அதன் பிறகு ஒரு மாதம் கட்டுப் போட்ட காலோடு வந்தார். வாக்கியம் மட்டும் அருமையாக அமைந்திருந்தது.

அகராதியும் சளைத்தவன் இல்லை. எறும்புகள் அவன் சர்க்கரை டப்பாவுக்குள் படையெடுத்தன, 'இன்வேட்' முடிந்தது. கேஷியர் அண்ணன் அவன் பிஸ்கட் பொட்டலத்தைச் சூறையாடினார், 'ரெய்டு' முடிந்தது. புரூஃப் அக்காவின் கோப்புகள் நாளுக்கு ஒரு விரற்கடை அளவு அவன் அறை வாசலுக்குள் நகர்ந்து வந்தன. அவன் வாயைத் திறக்காமல் அளந்து வைத்து 'என்க்ரோச்' எழுதினான். கொசு ஒன்று அவனைத் தாக்கி 'அசால்ட்'டைப் பார்த்துக்கொண்டது. கடைசியில் ஒரு சொல்தான் மிஞ்சியது. 'இன்ட்ரூட்'. அதாவது, யாரும் கூப்பிடாத, யாரும் விரும்பாத இடத்துக்குள் ஒருவர் பாட்டுக்குப் போய் நிற்பது.

'இதைப்போல மலிவான பொருள் உலகத்தில் உண்டா, கதவைத் திறந்து வைத்தால் தானாக வரும்' என்று நினைத்து அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்தான்.

கடைசி நாள் வந்தது. அகராதி தன் அறையில் உட்கார்ந்தான். பழைய பேப்பர் போட்டு வைத்திருந்த இடுக்கு அது. கதவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடம்பிடித்து வாங்கியது. தாழ்ப்பாள் போடாமல், கதவைச் சும்மா சாத்தி வைத்து, தூண்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தவனைப் போலக் காத்திருந்தான்.

டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"உள்ள வரலாமாப்பா?" என்றார் புரூஃப் அக்கா.

அகராதி பதில் சொல்லவில்லை. 'வரட்டும், தானாக வரட்டும்.'

அக்கா சற்று நேரம் நின்றார். "வேலையா இருக்கான் போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து கேஷியர் அண்ணன் தட்டினார். நின்றார். இருமினார். போனார். அடுத்து தேநீர்க்காரர் தட்டிவிட்டு, பதில் வராததால், தேநீரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்று வருடமாக அவன் செய்த பிரசாரம் அன்றைக்குப் பார்த்துப் பலித்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது ஒரு முறை கத்திக் கெட்டது. இவன் மூன்று வருடம் கத்தியிருந்தான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் என் ரூமுக்குத் தட்டாம வாங்களேன்."

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "எதுக்கு?"

"எடுத்துக்காட்டுக்கு."

"நீ கூப்பிட்டு நான் வந்தா அது எப்படிப்பா அத்துமீறல் ஆகும்? அது விருந்து."

அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நியாயம்தான் அது. அவனிடமே வட்டியோடு திரும்பி வந்திருந்தது.

சரி, கேட்டால்தானே விருந்து; கேட்காமல் கிளப்பிவிடுவோம் என்று அடுத்த வழியில் இறங்கினான். கேஷியர் அண்ணனுக்கு முதுகுவலி. நாற்காலியில் ஒரு மெத்தைத் தலையணை வைத்திருப்பார். அதைத் தொட்டவனை அவர் மன்னித்ததாக வரலாறு இல்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் அகராதி அதைத் தூக்கிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் போட்டு, மேலே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான்.

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "எவன்டா அது?" என்று ஓர் உறுமல். தரை அதிர அதிரக் காலடி நெருங்கியது. 'வா ராசா வா' என்று அகராதி மனசுக்குள் கும்பிட்டான். காலடி கதவுக்கு வெளியே சட்டென்று நின்றது.

டொக் டொக்.

"தம்பி, உள்ள வந்து உன்னைத் திட்டலாமா?"

அகராதி கண்ணை மூடிக்கொண்டான்.

"பதில் சொல்லுப்பா. ரொம்ப நேரம் கோவத்தை இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. எனக்கு பிரஷர் இருக்கு."

பிரஷர் என்றதும் அவன் பயந்துவிட்டான். "வாங்கண்ணே" என்றான். அவர் வந்தார், முறைப்படி திட்டினார், தலையணையை வாங்கிக்கொண்டார். போகும்போதுதான் மிச்சமிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கதவை அறைந்து சாத்தினார். காலையிலிருந்து மழை, ஒட்டுப்பலகைக் கதவு ஊறி உப்பியிருந்தது. அறைந்த வேகத்தில் அது நிலைக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. மேசையில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். மேசைதான் வந்தது. வேறு வழியில்லாமல் கதவை உள்ளிருந்து தட்டினான்.

"வாங்க" என்றார் வெளியே புரூஃப் அக்கா.

மறுபடி தட்டினான்.

"வாங்க வாங்க. உங்க இடம் மாதிரி நெனச்சுக்கோங்க" என்றது கேஷியர் அண்ணனின் குரல்.

"அண்ணே, கதவு மாட்டிக்கிச்சு."

வெளியே கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. யாரோ தள்ளிப் பார்த்தார்கள். "இடிச்சாத்தான் வரும்" என்று தேநீர்க்காரர் தீர்ப்புச் சொன்னார். அகராதிக்கு இருட்டில் விளக்கு எரிந்தது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவது. இதைவிடச் சிறந்த அத்துமீறலுக்கு எங்கே போவது? வாயை இறுக மூடிக்கொண்டான். பேனாவை எடுத்தான்.

"தம்பி, உடைச்சுக்கிட்டு உள்ள வரலாமா?"

அகராதி பேனா மூடியைக் கழற்றினான்.

"நீ வாயால சொல்லணும்ப்பா. சொல்லாம எப்படி வர்றது? நாங்க என்ன பெருச்சாளியா?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர்கள் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. அச்சகத்துக்காரர் வந்து போய்விட்டால் வாக்கியம் இருந்தும் பயனில்லை. பக்கங்கள் இவனோடு சேர்ந்து உள்ளேயே கிடக்கும். கண்முன்னால் கோழிகள் நடமாடின.

"வாங்க" என்றான் அகராதி, பல்லைக் கடித்துக்கொண்டு. "உடைச்சுக்கிட்டு வாங்க."

கேஷியர் அண்ணன் முதுகுவலியை மறந்து ஒரே மோதலில் கதவையும் தன்னையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்தார். மேசை மேலிருந்த எல்லாம் பறந்தன. பார்க்க அத்தனை அழகான அத்துமீறல். எழுதத்தான் வழியில்லை, கூப்பிட்ட பிறகு வந்தது.

கதவைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைத்தார்கள். இப்போது அறைக்கு வாசல் மட்டும்தான். 'கதவே இல்லை, இனி எதைத் தட்டுவார்கள் பார்ப்போம்' என்று அகராதிக்குக் கடைசியாக ஒரு நப்பாசை துளிர்த்தது. காகிதங்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். கேஷியர் அண்ணன் உடைந்த கண்ணாடிக் குவளைக்கு விளக்கம் சொல்ல வந்தார். திறந்த வாசலின் முன்னால் நின்றார். கையைக் காற்றில் உயர்த்தி, "டொக் டொக்" என்று வாயால் சொன்னார்.

அகராதி மேசையில் தலையைக் கவிழ்த்தான்.

ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, இருப்பதையாவது சேர்த்துவிடலாம் என்று, ஒரு வாக்கியம் மட்டும் காலியாக விட்ட பக்கங்களோடு ஆசிரியரின் அறை முன்னால் போய் நின்றான். காலையில் வந்திருந்தால் தட்டியிருக்கலாம். இப்போது உள்ளே குறட்டை முழங்கிக்கொண்டிருந்தது. விரலை மடக்கிக் கதவுவரை கொண்டுபோனான். தட்டினால் பக்கங்கள் திரும்பி வரும். தட்டாவிட்டால் தட்டுக்கே போகாது. விரலை இறக்கினான். மறுபடி ஏற்றினான். தூரத்திலிருந்து பார்த்தால் கதவுக்கு ஏதோ கதை சொல்கிறவன் போலிருந்தது.

"போய் வெச்சிட்டு வாயேன்ப்பா" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில்.

"தட்டாமயா?"

"அப்போ தட்டு."

"தட்டினா எழுந்துருவார்."

"அப்போ தட்டாத."

"அக்கா, நீங்க எனக்கு உதவி பண்றீங்களா, இல்ல வேடிக்கை பாக்கறீங்களா?"

"ரெண்டும்தான். சம்பளம் ஒண்ணுதான் தர்றாங்க."

கீழே அச்சகத்துக்காரரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை பெருமூச்சு விடுவார். முதல் பெருமூச்சு கேட்டுவிட்டது.

அக்கா திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மழை விட்டுருச்சா அண்ணே?" என்றார். கேஷியர் அண்ணனும் தலையணையை அணைத்தபடி ஜன்னலருகே போய், பெய்துகொண்டிருந்த மழையை உற்றுப் பார்த்து, "விட்ட மாதிரிதான் இருக்கு" என்றார். இரண்டு முதுகுகளும் இவன் பக்கம் இருந்தன.

அகராதி செருப்பைக் கழற்றினான். கையில் எடுத்துக்கொண்டான். கைப்பிடியை மெல்ல அழுத்தினான். இத்தனை பேர் பழக்கியிருந்த கதவு சத்தமே போடாமல் வழிவிட்டது. வலது கால் பெருவிரல் முதலில் போனது. பின்னாலேயே மீதி ஆள் போனான்.

ஆசிரியர் தூங்கவில்லை. சிறுவர் பத்திரிகை ஒன்றை மேசைமேல் விரித்து வைத்து, புள்ளிகளை எண் வரிசைப்படி பென்சிலால் இணைத்துக்கொண்டிருந்தார். யானை. காதுகள் முடிந்து தும்பிக்கை பாதியில் இருந்தது. நாக்கு நுனி வெளியே தெரிய, இரண்டு கண்களும் அகல விழித்திருக்க, வேலைக்கு இடையூறில்லாமல் குறட்டையை வாயால் விட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார். இவனைப் பார்த்தார். இவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். குறட்டை ஒரு விநாடி தடுக்கியது. பிறகு, பழைய சுருதியிலேயே தொடர்ந்தது.

அகராதி தட்டை நோக்கி நடந்தான். பக்கங்களை வைத்தான். கடைசித் தாளில் காலியாக இருந்த இடம் மல்லாந்து அவனைப் பார்த்தது. மேசையிலிருந்த இன்னொரு பென்சிலை எடுத்து, குனிந்து, ஒரே மூச்சில் எழுதினான்: 'ஊழியர் ஆசிரியரின் ஓய்வு நேரத்தில் அவரது அறைக்குள் அத்துமீறி நுழைந்தார்.'

ஆசிரியர் தாளை விரலால் தன் பக்கம் இழுத்தார். வாசித்தார். 'நடந்ததா?' என்று கேட்கவில்லை. குறட்டை விட்டபடியே 'ஓய்வு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'பணி' என்று திருத்தித் தட்டில் திருப்பி வைத்தார். தும்பிக்கைக்குத் திரும்பினார்.

அகராதி பின்னோக்கி நடந்து வெளியே வந்து, கதவை இரண்டு விரலால் சாத்தினான். படியில் கடைசிப் பெருமூச்சு கேட்டது. ஜன்னலிலிருந்து திரும்பாமலே அக்கா கேட்டார்.

"இன்னைக்கு என்ன மிருகம்?"

அவன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"யானை" என்றான் பிறகு, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"போன வாரம் ஒட்டகம்" என்றார் கேஷியர் அண்ணன்.

செருப்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவனும் இன்னும் பெருவிரலில்தான் நின்றுகொண்டிருந்தான்.